உங்கள் வேலையை யார் பார்ப்பார்கள்?

தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் பி.எஸ்சி. சைக்காலஜி இரண்டாம் ஆண்டு படிக்கும் பிள்ளைகளுக்கு,

இதை முதலாண்டு மாணவர்களுக்கு எழுதியிருந்தால் வீணாகியிருக்கும். அவர்களுக்கு ஃப்ராய்டும் கனவும் இன்னும் புதுசு; பதிவு, சட்டம், கட்டணம் என்று ஆரம்பித்தால் காதில் ஏறாது. மூன்றாம் ஆண்டில் எழுதினால் நேரம் கடந்திருக்கும். நுழைவுத் தேர்வு விண்ணப்பம், ப்ராஜெக்ட், வைவா, வீட்டில் நடக்கும் பேச்சுவார்த்தை எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுகிற வருஷம் அது. நிதானமாக உட்கார்ந்து கணக்குப் போட உங்களுக்குக் கிடைப்பது இந்த ஓராண்டுதான்.

"அடுத்து என்ன?" என்று வகுப்பில் கேட்டால் பாதிக்கு மேற்பட்ட கைகள் ஒரே பதிலோடு உயர்கின்றன: கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட். அதற்கு வழி என்ன என்று கேட்டால் "எம்.எஸ்சி. கிளினிக்கல் சைக்காலஜி" என்கிறார்கள். ஆசை சரி, வழி தப்பு. இரண்டு வருஷத்தையும் வீட்டுப் பணத்தையும் செலவழித்து முடித்த பிறகே பலருக்கு இது தெரியவருகிறது. ஆகவே முதலில் இதையே பேசிவிடுவோம்.

இந்தியாவில் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று நினைத்தவரெல்லாம் போர்டு மாட்டிக்கொள்ள முடியாது. இந்திய மறுவாழ்வு கவுன்சில், எல்லாரும் ஆர்.சி.ஐ. என்று சொல்வது, 1992ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒரு மையப் பதிவேட்டை வைத்திருக்கிறது. அதில் பெயர் இருப்பவர்தான் அந்தத் தொழிலைச் செய்யலாம். பதிவில்லாமல் செய்தால் ஓராண்டுவரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய்வரை அபராதம், அல்லது இரண்டும் என்று எழுதியிருக்கிறார்கள். அபராதத் தொகையைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம். ஊனமுற்றோர் சான்றிதழுக்கோ நீதிமன்றத்துக்கோ போகும் அறிக்கையில் உங்கள் கையெழுத்துக்கு மதிப்பில்லாமல் போவதுதான் இதில் பெரிய தண்டனை. 2017இன் மனநலப் பராமரிப்புச் சட்டமும் இதே வரையறையைத்தான் வைத்திருக்கிறது: ஆர்.சி.ஐ. ஏற்ற நிறுவனத்தில் பெற்ற தகுதி வேண்டும்.

பல்கலைக்கழகம் தன் எம்.எஸ்சி.க்கு 'கிளினிக்கல்' என்று பெயர் வைத்துக்கொள்வதை யாரும் தடுப்பதில்லை. கையேட்டின் அட்டையில் மூளைப் படம் போட்டு, வெள்ளைக் கோட்டு மாட்டிய பெண்ணையும் நிற்க வைப்பார்கள். ஆர்.சி.ஐ. ஒப்புதல் இல்லாவிட்டால், பதிவுக்கு அது பொது உளவியல் முதுகலைக்கு மேல் ஒரு படியும் கூடுதல் இல்லை. அந்தப் படிப்பு மோசம் என்று நான் சொல்லவில்லை. சில இடங்களில் நன்றாகவே கற்பிக்கிறார்கள். எதற்காகச் சேருகிறோம் என்று தெரிந்து சேரவேண்டும், அவ்வளவுதான்.

நீண்ட காலம் இருந்த பாதை எளிதாகச் சொல்லக்கூடியது: இளங்கலை மூன்று, முதுகலை இரண்டு, எம்.ஃபில். இரண்டு, மொத்தம் ஏழு வருஷம். பெங்களூரு நிம்ஹான்ஸின் முன்னோடி நிறுவனத்தில் 1955இல் டிப்ளமோவாகத் தொடங்கிய பயிற்சிதான் பிற்பாடு அந்த எம்.ஃபில். ஆனது. ராஞ்சியில் உள்ள மத்திய மனநல மருத்துவ நிறுவனம், நம் பக்கம் முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாடுடையோருக்கான தேசிய நிறுவனம், போரூர் ஸ்ரீ ராமச்சந்திரா என்று அதைப் படிக்கக்கூடிய இடங்களின் பட்டியலை மூத்தவர்கள் மனப்பாடமாகச் சொல்வார்கள். இப்போது தரை நகர்ந்திருக்கிறது. புதிய கல்விக் கொள்கையை ஒட்டி 2022 நவம்பரில் யு.ஜி.சி. கொண்டுவந்த விதிகளோடு எம்.ஃபில். என்ற பட்டமே போய்விட்டது. மருத்துவமனைகளில் ஆள் கிடைக்காமல் போகும் என்பதால் கிளினிக்கல் சைக்காலஜிக்கும் சைக்கியாட்ரிக் சோஷியல் வொர்க்குக்கும் மட்டும் 2025-26 கல்வியாண்டுவரை அவகாசம் கொடுத்தார்கள். அதன் இடத்துக்கு ஆர்.சி.ஐ. வகுத்திருப்பவை: நான்காண்டு பி.எஸ்சி. ஹானர்ஸ் கிளினிக்கல் சைக்காலஜி, இரண்டாண்டு எம்.ஏ. கிளினிக்கல் சைக்காலஜி, சை.டி. என்ற முனைவர் நிலைப் படிப்பு.

இதனால் உங்களுக்கு நேரும் முதல் சிரமம், சீனியர் அக்கா சொல்லும் வழி செல்லாமல் போவது. அவர் பொய் சொல்லவில்லை. அவர் போன பாதையை இப்போது மூடிவிட்டார்கள். விண்ணப்பம் போடுகிற அதே வாரத்தில் ஆர்.சி.ஐ. இணையதளத்தைத் திறந்து, நிறுவனத்தின் பெயர், படிப்பின் சரியான பெயர், எந்த ஆண்டுவரை ஒப்புதல், எத்தனை இடம் என்ற நான்கையும் உங்கள் கண்ணால் பாருங்கள். அட்மிஷன் அலுவலகத்தில் "அப்ளை பண்ணியிருக்கோம், வந்துடும்" என்றால், வரட்டும், வந்த பிறகு சேரலாம் என்று எழுந்து வந்துவிடுங்கள்.

ஏன் இத்தனை கெடுபிடி? ஒரு ஓ.பி. அறையை நினைத்துப் பாருங்கள். நாற்பது வயதுப் பெண் ஒருவர் வந்து உட்கார்கிறார். "நெஞ்சு படபடங்குது, கை கால் மரத்துப் போகுது, ராத்திரி தூக்கமே இல்ல." நீங்கள் படித்த அட்டவணையில் இது பேனிக் டிஸார்டருக்குப் பக்கத்தில் இருக்கிறது, கேஸ் ஷீட்டில் அதையே எழுதுகிறீர்கள். மேற்பார்வையாளர் அதை வாங்கிப் பார்த்து, "தைராய்டு பார்த்தாச்சா? மாதவிடாய் நிற்கிற வயசா? வீட்டுல யார் குடிக்கிறாங்க? ராத்திரி தூங்காம எதுக்குக் காது கொடுத்துட்டுப் படுத்திருக்காங்க, கேட்டீங்களா?" என்பார். நீங்கள் திரும்பப் போய்க் கேட்கிறீர்கள். இன்னொரு முறை எழுதுகிறீர்கள். அதுவும் சிவப்பு மையோடு திரும்பி வருகிறது. இந்தத் திரும்பி வருதல்தான் பயிற்சி. ஒரு செமஸ்டர் முழுக்க அசாதாரண உளவியல் படித்து 90 மதிப்பெண் வாங்கினாலும் இது வாராது, ஏனென்றால் பரீட்சைத் தாளில் இருக்கும் நோயாளி எதையும் மறைப்பதில்லை.

ஒரு படிப்பு நல்லதா கெட்டதா என்று யாராவது என்னிடம் கேட்டால் இதை வைத்துத்தான் சொல்வேன்: அங்கே நீங்கள் வேலை செய்யும்போது உங்களை யார் பார்த்துக்கொண்டிருப்பார்கள்? எந்த மருத்துவமனை, எந்தப் பள்ளி, வாரத்துக்கு எத்தனை நாள், அறிக்கையை யார் திருத்துகிறார்? துறைத் தலைவர் இந்தக் கேள்விக்குப் பெயர் சொல்லிப் பதில் தருகிறார் என்றால் கட்டடம் பழசாக இருந்தாலும் பரவாயில்லை. "டை-அப் இருக்கு" என்று மட்டும் சொல்கிறார் என்றால் ஏ.சி. வகுப்பறை எதற்கும் உதவாது.

சட்டமும் மெதுவாக இந்தப் பக்கம்தான் நகர்கிறது. இணை மற்றும் சுகாதாரப் பராமரிப்புத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம் 2021இல் வந்தது. ஆர்.சி.ஐ.யின் கீழ் வராத மற்ற சைக்காலஜிஸ்ட்டுகளையும், நடத்தைப் பகுப்பாய்வாளர், சுகாதார கவுன்சலர் போன்றவர்களையும் அது தன் அட்டவணையில் சேர்த்திருக்கிறது. சுகாதாரத் தொழிலர் என்ற நிலைக்கு அந்தச் சட்டம் கேட்பது குறைந்தது 3,600 மணி நேரப் படிப்பு, மூன்று முதல் ஆறு ஆண்டுகளுக்குள். கவனியுங்கள், வருஷத்தோடு நிறுத்தாமல் மணிக்கணக்கையும் எழுதுகிறார்கள். இந்தச் சட்டத்தின் கீழ் வரும் பாடங்களைத் தொலைதூர வழியிலும் ஆன்லைனிலும் நடத்தக்கூடாது என்று யு.ஜி.சி. முடிவெடுத்து, 2025 ஜூலை-ஆகஸ்ட் சேர்க்கையிலிருந்து சைக்காலஜியையும் அதில் அடைத்துவிட்டது. தமிழ்நாட்டில் இதன் பாதிப்பு பெரிது. பள்ளி ஆசிரியர்கள், செவிலியர்கள், கல்யாணத்துக்குப் பின் படிப்பைத் தொடர்ந்த பெண்கள் என்று எத்தனையோ பேர் அஞ்சல் வழியில் எம்.எஸ்சி. சைக்காலஜி முடித்தவர்கள். அந்தக் கதவு மூடப்பட்டதில் எனக்கு வருத்தம் உண்டு. அவர்களுக்கு வேறு கதவு எதுவும் திறக்காமல் மூடினார்கள். என்றாலும், ஆளைப் பார்க்காமல் ஆளைப் பார்க்கும் தொழிலைக் கற்பிக்க முடியாது என்ற அடிப்படையோடு சண்டை போட என்னால் முடியவில்லை. 'டிகிரியை இப்போது முடித்துவிட்டு எம்.எஸ்சி.யைக் கரஸ்ஸில் போட்டுக்கொள்ளலாம்' என்று வீட்டில் யாராவது சொல்லியிருந்தால், அந்தத் திட்டம் இனி இல்லை.

இனி ஒரு கேள்வி. உங்களில் எல்லாரும் கிளினிக்கல் போகத்தான் வேண்டுமா? வேண்டாம் என்பது என் கட்சி. ஆர்.சி.ஐ. இடங்கள் நாடு முழுக்கச் சேர்த்தாலும் மிகக் கொஞ்சம்; தனியார் நிறுவனங்களில் கட்டணம் லட்சங்களில் ஏறுகிறது. இது நடைமுறைக் காரணம். இன்னொரு காரணம் தேவை எங்கே இருக்கிறது என்பது. நிம்ஹான்ஸ் நடத்திய 2015-16 தேசிய மனநல ஆய்வின்படி, பெரியவர்களில் பத்தில் ஒருவருக்கு ஏதோ ஒரு மனநலக் கோளாறு இருக்கிறது. நோயைப் பொறுத்து 70 முதல் 92 சதவீதம் பேர் சிகிச்சைக்கு வெளியே இருக்கிறார்கள். ஆய்வு நடந்த 12 மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. இந்த ஜனங்கள் எல்லாரும் கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனைக்கோ நிம்ஹான்ஸுக்கோ வரப்போவதில்லை. அவர்களின் பிள்ளைகள் அரசுப் பள்ளியில் இருக்கிறார்கள், கணவர்கள் குடிநோய் முகாமில் இருக்கிறார்கள், அவர்களே மகளிர் உதவி மையத்தில் வந்து நிற்கிறார்கள். அங்கே உட்கார ஆள் வேண்டும்.

2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம், மாணவர் தற்கொலை தொடர்பான ஒரு வழக்கில், நூறு அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் உள்ள கல்வி நிறுவனங்கள் தகுதியுள்ள கவுன்சலர், சைக்காலஜிஸ்ட் அல்லது சமூகப் பணியாளர் ஒருவரையாவது வைத்திருக்க வேண்டும் என்று வழிகாட்டுதல் கொடுத்தது. காகிதத்தில் இது ஆயிரக்கணக்கான வேலை. நடைமுறையில் என்ன ஆகும் என்று பள்ளிக்கூடம் தெரிந்தவர்களுக்குத் தெரியும்: 'கவுன்சலர்' என்று எடுத்துக்கொண்டு காலை அசெம்பிளி, பேருந்து டியூட்டி, லீவு போட்ட டீச்சரின் எட்டாம் வகுப்பு எல்லாவற்றையும் தலையில் கட்டுவார்கள். நேர்காணலிலேயே கேளுங்கள்: தனி அறை உண்டா, கதவு சாத்த முடியுமா, ஒரு பிள்ளை சொன்னதைப் பிரின்சிபால் கேட்டால் நான் எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது என்று எழுதிய விதி ஏதாவது உண்டா? இந்தக் கேள்விகளைக் கேட்டதற்காக வேலை போனால் போகட்டும்.

மாவட்ட மனநலத் திட்டம், 2022 அக்டோபரில் தொடங்கிய 14416 டெலி மனஸ் தொலைபேசி சேவை, எச்.ஐ.வி. பரிசோதனை மையங்கள், குழந்தைப் பாதுகாப்பு அலகுகள், குடும்ப நல நீதிமன்றங்கள் எல்லாம் கவுன்சலர்களையோ மனநலப் பணியாளர்களையோ கொண்டு நடப்பவை. பெரும்பாலும் ஒப்பந்தம், தொகுப்பூதியம். சம்பளம் பெருமைப்படும்படி இராது என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். ஆனால் இவற்றில் சில இடங்களில் முதல் வருஷத்தில் நீங்கள் பார்க்கும் மனிதர்களின் எண்ணிக்கையும் வகையும் வேறெங்கும் கிடைக்காது. சென்னையில் இத்துறையைப் படிப்பவர்களுக்கு ஒரு பாக்கியம் உண்டு: சாரதா மேனன் 1984இல் மனச்சிதைவு நோயாளிகளுக்காகத் தொடங்கிய ஸ்கார்ஃப், சாந்தி ரங்கநாதன் 1980இல் தொடங்கிய குடிநோய் சிகிச்சை மையம், லட்சுமி விஜயகுமார் 1986இல் தற்கொலைத் தடுப்புக்காகத் தொடங்கிய ஸ்நேகா, வந்தனா கோபிகுமாரும் வைஷ்ணவி ஜெயக்குமாரும் 1993இல் வீடற்ற, மனநோயுள்ள பெண்களுக்காகத் தொடங்கிய பான்யன். நாலும் நாலு விதமான வேலை. மனச்சிதைவு நோய்க்கு ஆண்டுக்கணக்கில் மறுவாழ்வு தருவதும், நள்ளிரவில் தொலைபேசியில் ஒருவரைப் பேச வைத்துக்கொண்டிருப்பதும் ஒரே திறமை அல்ல. எது உங்களுக்கு ஒத்துவரும் என்று கல்லூரி இருக்கையில் உட்கார்ந்தபடி கண்டுபிடிக்க முடியாது. விடுமுறையில் நேரில் போய் அனுமதி கேட்டுப் பாருங்கள்.

சமூகப் பணி முதுகலையை, அதாவது எம்.எஸ்.டபிள்யூ.வை, நம் பிள்ளைகள் ஏனோ இளக்காரமாகப் பார்க்கிறார்கள். அங்கே மருத்துவ, மனநலப் பிரிவு எடுத்தவர்களுக்கு முதல் செமஸ்டரிலிருந்தே வாரத்தில் களப்பணி நாட்கள் உண்டு. அறிக்கை எழுதி வாராவாரம் ஆசிரியரிடம் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டும். 'யார் பார்ப்பார்கள்?' என்ற என் கேள்விக்குப் பல சைக்காலஜி துறைகளைவிட அந்தத் துறைகள் நல்ல பதில் வைத்திருக்கின்றன.

மற்ற பாதைகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். நிறுவனங்களின் மனிதவளத் துறைக்குப் போக எம்.எஸ்சி. அப்ளைடு சைக்காலஜி போதும், கூடவே எக்ஸெல் தெரிந்தால். செயலிகளைப் பயன்படுத்துவோரை ஆராயும் 'யூசர் ரிசர்ச்' வேலைக்கு நேர்காணல் எடுக்கும் திறனும் புள்ளியியலும் தெரிந்த உளவியல் மாணவர் நன்றாகப் பொருந்துவார். குற்றவியல் உளவியல் என்று தொடர்களைப் பார்த்து ஆசைப்படுகிறவர்கள், முதலில் செல்வி எதிர் கர்நாடக மாநிலம் என்ற 2010ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பைப் படியுங்கள். நார்கோ, பாலிகிராஃப் சோதனைகளை ஒருவர்மேல் பலவந்தமாகச் செலுத்தக்கூடாது என்று சொன்ன தீர்ப்பு அது. அதைப் படித்த பிறகும் ஆசை இருந்தால் அது நிஜ ஆசை. விளையாட்டு உளவியலுக்கு 2024இல் ஒரு விளம்பரம் கிடைத்தது: சென்னைப் பையன் குகேஷ் உலக சதுரங்கப் பட்டம் வென்றபோது அவரோடு இருந்த பேடி அப்டனைப் பற்றி எல்லாரும் பேசினார்கள். அப்டன் தன்னை மனத்திடப் பயிற்சியாளர் என்றுதான் சொல்லிக்கொள்கிறார். அவர் வந்தது கிரிக்கெட் களத்திலிருந்து. விளையாட்டு தெரியாத உளவியலரை எந்த ஆட்டக்காரரும் நம்புவதில்லை, அது நியாயமும்கூட.

வெளிநாடு போகிறவர்களுக்கு ஒன்று மட்டும். பிரிட்டனில் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்ற பெயருக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு, முனைவர் நிலைப் பயிற்சி வேண்டும். அமெரிக்காவிலும் சைக்காலஜிஸ்ட் உரிமத்துக்குப் பெரும்பாலும் முனைவர் பட்டம்தான். கவுன்சலிங் உரிமத்துக்கு முதுகலை போதும். ஓராண்டு முதுகலைக்கு முப்பது லட்சம் கடன் வாங்குவதற்கு முன்னால், அது எந்தப் பதிவுக்கு வழி விடுகிறது என்று அந்த நாட்டின் பதிவு அமைப்பின் பக்கத்தில் பாருங்கள். ஏஜென்ட்டின் பக்கத்தில் பார்த்துப் பயனில்லை.

இந்தப் பாடத்தைப் படித்தவர்கள் எங்கெங்கோ போயிருக்கிறார்கள் என்பதற்கு மைசூர் ஒரு நல்ல சாட்சி. அங்கே 1924இல் உளவியல் துறை தொடங்கியபோது பொறுப்பேற்றவர் எம்.வி. கோபாலசாமி, லண்டனில் ஸ்பியர்மேனிடம் படித்தவர். அவர்தான் 1935இல் தன் வீட்டிலேயே ஒரு வானொலி நிலையம் தொடங்கினார்; அதன் பெயர் ஆகாசவாணி. புலனறிவு பற்றிப் பாடம் எடுத்தவருக்கு ஒலிபரப்பு மேல் ஆசை வந்தது எனக்கு ஆச்சரியமாகத் தெரியவில்லை.

சரி, இப்போது உங்கள் கையில் இருக்கும் மூன்று, நான்கு, ஐந்தாம் செமஸ்டர்களுக்கு வருவோம்.

புள்ளியியலைக் கண்டு ஓடாதீர்கள். பிளஸ் டூவில் கணக்கு வராமல் சைக்காலஜி எடுத்தவர்கள் உங்களில் நிறைய என்று தெரியும். அப்படியும் சொல்கிறேன், உங்களை மற்ற பட்டதாரிகளிடமிருந்து பிரித்துக்காட்டும் ஒரே பாடம் அதுதான். 2015இல் ஒரு பெரிய ஆய்வுக் குழு, பேர் பெற்ற இதழ்களில் வந்த நூறு உளவியல் ஆய்வுகளைத் திரும்பச் செய்து பார்த்தது. மூல ஆய்வுகளில் 97 சதவீதம் 'முக்கியமான' முடிவு கண்டவை. திரும்பச் செய்தபோது அது 36 சதவீதமாகச் சரிந்தது. உங்கள் பாடப்புத்தகம் அச்சான பிறகு அதற்குள் இருக்கும் சில பக்கங்கள் காலாவதியாகிவிட்டன என்று அர்த்தம். எந்தப் பக்கங்கள் என்று சொல்லப் பி-மதிப்பும் மாதிரி அளவும் தெரிய வேண்டும். எஸ்.பி.எஸ்.எஸ். மென்பொருளுக்குப் பணம் செலவழிக்க வேண்டாம். ஜமோவி, ஆர் இரண்டும் இலவசம்.

ப்ராஜெக்ட் பற்றிக் கொஞ்சம் கடுமையாகப் பேசப்போகிறேன். 'கல்லூரி மாணவர்களிடையே சமூக ஊடகப் பயன்பாட்டுக்கும் சுயமதிப்புக்கும் உள்ள தொடர்பு.' கூகுள் ஃபார்ம், வாட்ஸ்அப் குழு, அறுபது நண்பர்கள், ஒரு ஒட்டுறவுக் கெழு. இந்த ஆய்வை எத்தனை பிள்ளைகள் செய்து எத்தனை அலமாரிகள் நிரம்பியிருக்கின்றன என்று எண்ண ஆள் இல்லை. நம் பாடத்தின் அறிவு பெரும்பாலும் மேற்கத்தியப் பல்கலைக்கழக மாணவர்களை வைத்துக் கட்டப்பட்டது என்று 2010இல் ஹென்ரிக்கும் அவர் கூட்டாளிகளும் எழுதியதை வகுப்பில் படித்துவிட்டு, நாமும் கல்லூரி மாணவர்களையே திரும்பத் திரும்ப அளந்துகொண்டிருக்கிறோம். உங்கள் பாட்டியும் அவர் தோழிகளும் துக்கத்தை எப்படிப் பேசுகிறார்கள், திருப்பூர் பனியன் கம்பெனியில் இரவு ஷிஃப்ட் பார்ப்பவர் எப்படித் தூங்குகிறார், மீன்பிடித் தடைக்கால மாதங்களில் ஒரு குப்பத்து வீட்டில் என்ன நடக்கிறது என்று எட்டுப் பேரிடம் நேரில் உட்கார்ந்து கேட்டு, உரிய ஒப்புதல் வாங்கி எழுதிய ப்ராஜெக்ட் ஒன்று முதுகலை நேர்காணலில் உங்களுக்காகப் பேசும்.

சோதனைக் கருவிகளின் பக்கம் வந்தால் விஷயம் இன்னும் நெருக்கமானது. நம்மூரில் ஒரு குழந்தையின் நுண்ணறிவை அளக்க இன்றும் எடுக்கும் கருவிகளில் ஒன்று பினே-காமத். வி.வி. காமத் அதை 1930களில் கன்னடமும் மராத்தியும் பேசும் குழந்தைகளை வைத்துத் தரப்படுத்தினார். இன்னொன்று மாலின் தயாரித்த அளவுகோல், 1969இல் வந்தது. அந்தக் காலத்துக் குழந்தைகளின் சராசரியோடு செல்போனில் வளரும் இன்றைய குழந்தையை ஒப்பிட்டால் மதிப்பெண் கூடிப்போக வாய்ப்பு அதிகம். தலைமுறைக்குத் தலைமுறை சராசரி உயர்வதை ஃப்ளின் விளைவு என்று நீங்களே படித்திருக்கிறீர்கள். இது சும்மா அறிவுசார் வாதம் இல்லை. 2016 ஊனமுற்றோர் உரிமைச் சட்டத்தின் கீழ் 21 வகைக் குறைபாடுகள் வருகின்றன. அறிவுசார் குறைபாட்டுக்கான சான்றிதழில் சதவீதத்தை நிர்ணயிப்பதில் இந்த எண் பங்கெடுக்கிறது. 40 சதவீதத்துக்குக் கீழே போனால் பல சலுகைகள் இல்லை. ஐந்து மதிப்பெண் கூடினால் ஒரு தாய்க்கு மாத உதவித்தொகை போய்விடக்கூடும். தருமபுரியிலிருந்து பேருந்தில் நாலு மணி நேரம் வந்த, பசியோடு இருக்கும் குழந்தைக்குச் சோதனை வைக்கும் இடத்தில் நீங்கள் இருப்பீர்கள். சாப்பிட்டாச்சா என்று கேட்பதும், வீட்டில் பேசும் தமிழில் கேள்வியைக் கேட்பதும், 'இன்று வேண்டாம், நாளைக்கு வைக்கலாம்' என்று சொல்லும் தைரியமும் கையேட்டில் ஒரு வரியாக இருக்கலாம். மேற்பார்வையாளர் பக்கத்தில் இருந்தால்தான் அது கைக்கு வரும். தமிழ்க் குழந்தைகளுக்குப் புதிய தரவுகளோடு கருவிகள் செய்ய ஒரு தலைமுறை ஆய்வாளர்கள் வேண்டும். நெட் பரீட்சை எழுதி ஜே.ஆர்.எஃப். வாங்கினால் மாதம் 37,000 ரூபாய் கிடைக்கிறது. இந்தத் துறையின் தொடக்கச் சம்பளங்கள் பலவற்றைவிட அது அதிகம். கணக்கில் கெட்டியாக இருக்கும் இரண்டு மூன்று பேராவது இந்தப் பக்கம் வாருங்கள் என்பது என் சொந்த வேண்டுகோள்.

சான்றிதழ் சேர்ப்பதை நிறுத்துங்கள். மூன்று நாளில் ஹிப்னோதெரபி, ஒரு வாரத்தில் 'சர்டிஃபைடு கவுன்சலர்', கையெழுத்தைப் பார்த்துக் குணம் சொல்லும் கோர்ஸ் எல்லாம் உங்கள் பயோடேட்டாவை நீளமாக்கும், உங்களை மெலிய வைக்கும். ஆன்லைன் இன்டர்ன்ஷிப் என்று பணம் கட்டச் சொல்கிறவர்களிடம் ஏமாறாதீர்கள். பெயர் இன்டர்ன்ஷிப், வேலை கேன்வாவில் 'மனநல விழிப்புணர்வு' போஸ்டர். பக்கத்து ஊர்ச் சிறப்புப் பள்ளியில் ஒரு மாதம் தினமும் போய் ஆட்டிசம் உள்ள ஒரு பையனோடு தரையில் உட்கார்ந்திருந்தால் அதற்கு லோகோ போட்ட சான்றிதழ் கிடைக்காது. தலைமையாசிரியை லெட்டர்பேடில் நாலு வரி எழுதித் தருவார். அந்த நாலு வரிக்குத் தேர்வுக் குழுவில் மரியாதை உண்டு.

இன்னொன்றை மெதுவாகச் சொல்ல வேண்டும். உங்களில் சிலர் இந்தப் பாடத்தை எடுத்ததற்கு வீட்டில் நடந்த ஏதோ ஒன்று காரணம். அண்ணனின் தற்கொலை முயற்சி, அம்மாவின் நெடுநாள் மௌனம், உங்களுக்கே நேர்ந்த ஒன்று. அதில் வெட்கப்பட எதுவுமில்லை. நல்ல மனநலப் பணியாளர்கள் பலர் அந்த வழியாக வந்தவர்கள்தான். அதற்கு உரிய இடத்தில் உதவி பெறுவதை மட்டும் தள்ளிப் போடாதீர்கள். பயிற்சி தொடங்குமுன் பெறுவது நல்லது. உங்கள் வலியை ஒத்த வலியோடு ஒருவர் எதிரே வந்து உட்காரும் நாளில், அவருடைய கதை எது, உங்களுடையது எது என்று பிரித்துப் பார்க்க ஆள் தேவைப்படும். படிக்கும்போதே நண்பர்களுக்குக் கவுன்சலிங் செய்யத் தொடங்குவதையும் விடுங்கள். தோழியாகக் கேளுங்கள். 'செத்துடலாம்னு இருக்கு' என்று ஒரு தோழி சொன்னால் அதைத் தனியாகத் தூக்கிச் சுமக்காமல் ஆசிரியரிடமோ 14416க்கோ கொண்டுபோங்கள்.

வீட்டைப் பற்றி. வகுப்பில் பெரும்பாலோர் பெண் பிள்ளைகள் என்பதால் இத்தனை வருஷக் கணக்கு என்ற உடனே எழும் கேள்வி எனக்குத் தெரியும்: "அப்ப கல்யாணம்?" இதற்கு என்னிடம் மந்திரம் எதுவுமில்லை. படிப்பைத் துண்டு துண்டாக, ஒவ்வொரு துண்டும் தனித்து வேலை தரும்படி அடுக்கிக் காட்டினால் பெற்றோர் கொஞ்சம் இறங்கி வருவதைப் பார்த்திருக்கிறேன். முதுகலை முடித்ததும் ஒரு பள்ளியிலோ தொண்டு நிறுவனத்திலோ ஓரிரு வருஷம் வேலை, கையில் கொஞ்சம் பணம், பிறகு ஆர்.சி.ஐ. படிப்பு என்று போகலாம். நேர்காணலில் அனுபவம் உள்ளவர் தனித்துத் தெரிவார் என்ற லாபமும் உண்டு. சில அரசு நிறுவனங்களில் பயிற்சிக் காலத்தில் உதவித்தொகையே தருகிறார்கள். அந்த நுழைவுத் தேர்வுகளுக்கு முதலில் தயாராகுங்கள், தனியார் இடத்தை இரண்டாவதாக வையுங்கள். நிலத்தை விற்றுப் படிக்க வைக்கிறேன் என்று அப்பா சொன்னால், வேண்டாம் என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். இந்தத் தொழிலின் முதல் பத்தாண்டு வருமானம் நிலத்தைத் திருப்பி வாங்காது.

அடுத்த மாதம் விருப்பப் பாடப் படிவம் கையில் வரும்போது, எளிதாக மதிப்பெண் தரும் பாடம் எது என்று குழுவில் கேட்பதற்கு முன்னால், முதுகலைக்கு நீங்கள் போக நினைக்கும் துறையில் போன வருஷம் படித்து முடித்த ஒருவரைத் தேடிப் பிடியுங்கள். கையேட்டில் சிரிக்கும் முதல் ரேங்க் மாணவி வேண்டாம். நடுவில் எங்கேயோ இருந்தவரைக் கேளுங்கள். எத்தனை கேஸ் பார்த்தீர்கள், அறிக்கையை யார் படித்தார், எத்தனை முறை திருப்பிக் கொடுத்தார், நீங்கள் தடுமாறிய நாளில் யாரிடம் போனீர்கள் என்று கேளுங்கள். பதில் சொல்ல அவர் யோசித்தார் என்றால் அந்தக் கல்லூரியின் பெயரைப் பட்டியலிலிருந்து அடித்துவிட்டு அடுத்தவருக்குப் போன் போடுங்கள்.

அன்புடன்,
உளவியல் கற்பிக்கும் உங்கள் ஆசிரியர்களில் ஒருவர்